பட்டம் உண்டு, படிநிலை எங்கே?

புதுதில்லி: தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனை வார்டுகளில் ஒரே சீருடையில், ஒரே பணிப்பட்டியலின்படி இரண்டு வகைச் செவிலியர் பணியாற்றுகின்றனர். ஒருவர் நான்கு ஆண்டுகள் பயின்று பி.எஸ்சி. (ஆனர்ஸ்) நர்சிங் பட்டம் பெற்றவர். மற்றவர் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர். இருவருக்கும் பதவி ஒன்று, ஊதியம் ஒன்று, இரவுப் பணியும் ஒன்று. நோயாளிக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அரசுக்குத் தெரிய வேண்டும். ஏனெனில், அந்தப் பட்டத்தை உருவாக்கியதே அரசுதான்.

செவிலியர் பணிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவை என்று இந்தியா முடிவு செய்து ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. அந்த முடிவு முதலில் செயல்வடிவம் பெற்ற இடங்களில் ஒன்று தில்லி பல்கலைக்கழகம். பட்டப் படிப்பு வளர்ந்திருக்கிறது. முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் வந்திருக்கின்றன. இந்தப் பட்டத்துக்கு மருத்துவமனையில் என்ன மதிப்பு என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

1946-ல் தொடங்கிய கதை

தெற்கு தில்லியில் லாஜ்பத் நகர் பகுதியில் இருக்கிறது ராஜகுமாரி அம்ரித் கௌர் செவிலியர் கல்லூரி. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரி மாணவியருக்குப் பட்டம் வழங்குவது தில்லி பல்கலைக்கழகம். 1946-ல் இங்கு பி.எஸ்சி. (ஆனர்ஸ்) நர்சிங் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கியது. நாட்டின் செவிலியர் பட்டக் கல்விக்கு வடக்கே தில்லியும் தெற்கே வேலூரும் ஒரே நேரத்தில் கால்கோள் இட்டன.

அந்த ஆண்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இந்திய மக்களின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு தனது அறிக்கையை அளித்தது 1946-ல்தான். அன்றைய பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் சுமார் 7,000 செவிலியர்களே இருந்தனர். அதாவது 43,000 பேருக்கு ஒரு செவிலியர். இந்த விகிதத்தை 1971-க்குள் 500 பேருக்கு ஒருவர் என உயர்த்த வேண்டும் என்று குழு இலக்கு வகுத்தது. எண்ணிக்கை மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தரத்திலான செவிலியர் கல்வியும் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் டாக்டர் ஆ.லட்சுமணசாமி முதலியார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் அவரே.

நாடு விடுதலை அடைந்தபின் முதல் சுகாதார அமைச்சரானவர் ராஜகுமாரி அம்ரித் கௌர். இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947-ல் வந்தது. தில்லிக் கல்லூரி பின்னர் அமைச்சரின் பெயரையே ஏற்றது. 1959-ல் நாட்டிலேயே முதன்முறையாக முதுநிலை நர்சிங் பட்டம் அங்கு தொடங்கப்பட்டது. 1986-ல் எம்.ஃபில். வந்தது. இந்தியாவில் நர்சிங் கல்லூரிகள் பெருகியபோது அவற்றுக்கு ஆசிரியர்களைத் தந்த நாற்றங்கால்களில் ஒன்று இக்கல்லூரி என்றால் மிகையில்லை.

நுழைவாயிலில் நீட்

இன்று தில்லி பல்கலைக்கழகத்தின் கீழ் நர்சிங் பட்டம் வழங்குவது இந்த ஒரு கல்லூரி மட்டுமல்ல. லோக் நாயக் மருத்துவமனை வளாகத்தில் உள்ள அகில்யா பாய் கல்லூரி, கிழக்கு தில்லியில் குரு தேக் பகதூர் மருத்துவமனையை ஒட்டிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கல்லூரி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் படித்த மாணவியர் சேரலாம். இப்படிப்பு இங்கு பெண்களுக்கு மட்டுமே.

முன்பு பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்திவந்தது. இப்போது மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் மதிப்பெண்ணே இதற்கும் அளவுகோல். மருத்துவராகும் கனவோடு தேர்வு எழுதி, அந்த இடம் கிட்டாத மாணவியரும் அதே மதிப்பெண் பட்டியலோடு நர்சிங் கலந்தாய்வுக்கு வருகின்றனர். செவிலியராகத்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்த மாணவியும் அதே தேர்வைக் கடந்தாக வேண்டும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையிலான வேறுபாடு, அதுவரை ஓரளவு தப்பியிருந்த ஒரு படிப்புக்குள்ளும் இதன் மூலம் நுழைகிறது.

தமிழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் நடந்துவந்திருக்கிறது. 2021-ல் அரசிதழில் வெளியான இந்திய செவிலியர் மன்றத்தின் விதிமுறைகளோ நுழைவுத் தேர்வைச் சேர்க்கைக்கு அடிப்படையாக்கின. நீட் தேர்வின் நிழல் நர்சிங் மீதும் படியுமோ என்ற தமிழகத்தின் கவலைக்குத் தில்லி நடைமுறை ஒரு முன்னுதாரணமாக நிற்கிறது. நர்சிங் படிப்புக்கு வரும் மாணவியரில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் என்பதால் இந்தக் கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

படிப்பு எளிதன்று

செவிலியர் படிப்பு என்றால் ஊசி போடவும் கட்டுப் போடவும் கற்றுத் தருவது என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட இருக்கிறது. உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், மருந்தியல், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக சுகாதாரம், வார்டு நிர்வாகம், ஆய்வு முறைகள் என விரிகிறது பாடத்திட்டம். அதைவிடக் கடினம் மருத்துவமனைப் பயிற்சி. லாஜ்பத் நகர் கல்லூரி மாணவியர் தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளின் படுக்கையருகே பயில்கின்றனர். நஜாஃப்கர் பக்கம் சாவ்லா கிராமத்தில் கல்லூரியின் கிராமப்புறப் பயிற்சி மையம் இருக்கிறது. தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கண்காணித்தல், வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தல் ஆகியவற்றை அங்கு கற்கின்றனர்.

இந்தப் பயிற்சியின் நோக்கம், மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றுபவரை உருவாக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் கண்டறிவது, தவறான மருந்தளவைச் சுட்டிக்காட்டுவது, வார்டில் தொற்று பரவாமல் தடுப்பது, இளைய ஊழியர்களுக்கு வழிகாட்டுவது என, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவரை உருவாக்குவதே பட்டக் கல்வியின் இலக்கு. மருத்துவர் வார்டுக்கு வந்து செல்பவர். நாள் முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர்தான்.

பட்டத்தின் விலை இரண்டு ஆண்டு

பட்டம் பெற்று வெளியே வருபவருக்குக் காத்திருக்கும் அரசுப் பணி என்ன? 2016-ல் மத்திய அரசு 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற பதவியின் பெயரை 'நர்சிங் ஆபீசர்' என்று மாற்றியது. ஏழாவது ஊதியக் குழுவின்படி இப்பதவி ஏழாவது ஊதிய நிலையில் வருகிறது. தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 44,900. தனியார் துறையோடு ஒப்பிட்டால் இது நல்ல ஊதியம். அதனால்தான் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020 முதல் நடத்தப்படும் பொதுத் தேர்வுக்கு நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன.

ஆனால் அந்தத் தேர்வின் தகுதி விதியைப் படித்தால் பட்டத்தின் உண்மையான மதிப்பு புரிந்துவிடும். பட்டதாரிகள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். டிப்ளமா பெற்றவர்கள் 50 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் பெற்றபின் விண்ணப்பிக்கலாம். பணியில் சேர்ந்தபின் இருவருக்கும் இடையே வேறுபாடு இல்லை. நான்காண்டுப் பட்டத்துக்கு அரசு தரும் சலுகை, இரண்டு ஆண்டு அனுபவத்திலிருந்து விலக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. முதுநிலைப் பட்டம் பெற்றவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

இதில் டிப்ளமா செவிலியர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நாட்டின் மருத்துவமனைகளைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். பட்டதாரிக்குக் கூடுதல் ஊதியம் தந்தால், அதே வார்டில் 20 ஆண்டு அனுபவம் உள்ள டிப்ளமா செவிலியருக்கு அநீதி ஆகாதா என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. அதற்கான விடையும் தில்லியிலேயே உருவானது. பணியில் இருக்கும் டிப்ளமா செவிலியர் வேலையை விடாமலே பட்டம் பெறுவதற்கான படிப்பை, மைதான் கடியில் உள்ள இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்தது. ஆனால் பட்டம் பெற்றும் பதவி மாறாது என்றால், குடும்பத்தையும் இரவுப் பணியையும் சுமந்துகொண்டு அவர் ஏன் படிக்க வேண்டும்?

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. நன்றாகப் படித்தவர்களில் ஒரு பகுதியினர் கற்பித்தல் பணிக்குச் செல்கின்றனர். இன்னொரு பகுதியினர் வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என விமானம் ஏறுகின்றனர். வரிப்பணத்தில் உருவாகும் திறமை, வார்டுக்குத் தேவைப்படும் நேரத்தில் வார்டில் இல்லை.

தனியார் வாசலில்

எல்லோருக்கும் அரசு வேலை கிடைத்துவிடாது. பெரும்பாலோர் தனியார் மருத்துவமனைகளுக்கே செல்கின்றனர். தலைநகரின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரில் கணிசமானோர் கேரளத்தவர். குறைந்த ஊதியம், நீண்ட பணி நேரம், சான்றிதழ்களை நிர்வாகம் பிடித்து வைத்துக்கொள்வது ஆகியவற்றை எதிர்த்து அவர்கள் 2009-க்குப் பிறகு தில்லியில் பலமுறை வேலைநிறுத்தம் செய்தனர்.

இந்தப் பிரச்னையை இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2016 ஜனவரியில் நீதிமன்றம், நிபுணர் குழு அமைத்து ஆராயும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள், அந்த மாநில அரசுச் செவிலியர்களுக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைகளுக்கு மேல் என்றால் 10 சதவீதமும், 50 முதல் 100 படுக்கைகள் என்றால் 25 சதவீதமும் குறைவாக இருக்கலாம். அதற்கும் சிறிய மருத்துவமனைகளில்கூட மாத ஊதியம் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது.

2018-ல் தில்லி அரசு இதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. தனியார் மருத்துவமனைகளின் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படிகளில் செவிலியர் வென்றனர். ஊதியச் சீட்டில் வென்றார்களா என்பதை மருத்துவமனைதோறும் சென்று சரிபார்க்கும் பொறுப்பு அரசுகளுடையது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசு வழிகாட்டுதலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடிகிறது. மாநில அரசுகள் பரிந்துரைதானே என்று கோப்பை மூடிவிட முடிகிறது.

கரோனா காலத்தில் செவிலியர்களைப் போராளிகள் என்று நாடு பாராட்டியது. மாடிகளில் நின்று கை தட்டியது. அடுத்த ஆண்டே, 2021 ஜூன் மாதம், தில்லியின் ஓர் அரசு மருத்துவமனை, செவிலியர்கள் பணி நேரத்தில் மலையாளம் பேசக் கூடாது, இந்தி அல்லது ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் அது மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. நோயாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தமக்குள் என்ன மொழியில் பேசுவது என்பதையும் உத்தரவு போட்டுத் தீர்மானிக்கலாம் என்று ஒரு நிர்வாகம் நினைத்தது, செவிலியரை அது எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைக் காட்டிவிட்டது.

கோப்புகளில் உறங்கும் பரிந்துரைகள்

இவை யாவும் அரசு அறியாதவை அல்ல. 1959-ல் அமைக்கப்பட்ட சுகாதார ஆய்வு மற்றும் திட்டக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதே லட்சுமணசாமி முதலியார். துணைச் செவிலியர், அடிப்படைச் செவிலியர், பட்டம் பெற்ற செவிலியர் என மூன்று நிலைகள் வேண்டும் என்று அக்குழு கூறியது. பட்டதாரிக்குத் தனி நிலை என்ற கருத்து அன்றே அரசின் மேஜைக்கு வந்துவிட்டது.

1987-ல் அமைக்கப்பட்ட செவிலியர் பணிக்கான உயர்நிலைக் குழு 1989-ல் அறிக்கை தந்தது. அதன் தலைவர் சரோஜினி வரதப்பன்; தமிழகத்தின் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். செவிலியருக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, நர்சிங் சாராத எழுத்து வேலைகளிலிருந்து விடுதலை, பணியிடங்களை நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைத்தல், எதிர்காலத்தில் பட்டதாரியையே முழுத் தகுதி பெற்ற செவிலியராகக் கொள்ளுதல் என்பதே அக்குழு காட்டிய திசை. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனை வார்டில் ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு இந்த அளவுகோல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியும்.

அண்மை ஆண்டுகளில் சில முயற்சிகள் நடந்துள்ளன. தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் அதிகாரத்துடன் பணியாற்றும் செவிலியர்களை உருவாக்க முதுநிலைப் படிப்பு வகுக்கப்பட்டது. இயல்பான பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மகப்பேறு செவிலியர் திட்டத்துக்கான வழிகாட்டுதலை 2018-ல் மத்திய அரசு வெளியிட்டது. படிப்பு வந்தது, படித்தவர்களுக்கான நிரந்தரப் பணியிடங்கள் அதே வேகத்தில் வரவில்லை. பழைய குறைதான் புதிய பெயரில் தொடர்கிறது.

புதிய கல்லூரிகள், பழைய கேள்வி

2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களில் 157 புதிய நர்சிங் கல்லூரிகளை அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ. 1,570 கோடி. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகளை உருவாக்குவது இலக்கு. தமிழகத்துக்கு 11 கல்லூரிகள். அதே ஆண்டு ஆகஸ்டில், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

கல்லூரிகள் தேவை என்பதில் ஐயமில்லை. 2022-ல் மத்திய அரசு தந்த கணக்கின்படி நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் சுமார் 33 லட்சம் பேர்; ஆயிரம் பேருக்கு 1.96 என்ற விகிதம். மூன்று பேராவது வேண்டும் என்பது இலக்கு. அதோடு, நர்சிங் கல்வி நிறுவனங்களில் பெரும் பங்கு தென் மாநிலங்களில் குவிந்து கிடக்கிறது. கேரளமும் தமிழகமும் கர்நாடகமும் பயிற்றுவித்து அனுப்ப, வட மாநில மருத்துவமனைகள் பயன்பெறும் நிலை மாற வேண்டியதுதான்.

ஆனால் பதிவேட்டில் உள்ள 33 லட்சம் பேரும் வார்டில் இல்லை. வெளிநாடு சென்றவர்கள், பணியை விட்டவர்கள், குறைந்த ஊதியத்துக்குச் செல்ல மறுத்து வீட்டில் இருப்பவர்கள் ஆகியோரின் பெயர்களும் அதில் உண்டு. ஆண்டுக்கு மேலும் 15,700 பேரை உருவாக்குவதோடு, ஏற்கெனவே உருவானவர்கள் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வியையும் அரசு எதிர்கொள்ள வேண்டும். நோயாளி–செவிலியர் விகிதத்தைச் சட்டபூர்வமாக்குதல், பட்டத்துக்கும் மேற்பட்டத்துக்கும் ஏற்பப் பதவிப் படிநிலை அமைத்தல், டிப்ளமா செவிலியர் அந்தப் படிநிலையில் ஏறுவதற்கு ஊதியத்துடன் கூடிய படிப்பு விடுப்பு அளித்தல் ஆகிய மூன்றையும் செய்ய நிதி தேவை. கட்டடம் திறப்பதைப்போல இவற்றுக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதே இவை பின்தங்கக் காரணமோ என எண்ணத் தோன்றுகிறது.

தில்லி பல்கலைக்கழகத்தில் 1946-ல் சேர்ந்த மாணவியர் 1950-ல் பட்டதாரிகளாக வெளியே வந்தனர். அப்போது நாட்டில் செவிலியரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று பட்டதாரிச் செவிலியர் ஆயிரக்கணக்கில் ஒவ்வொரு ஆண்டும் வெளிவருகின்றனர். அவர்கள் கற்றதைச் செய்வதற்கான இடத்தை மருத்துவமனை எப்போது தரப்போகிறது? இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மத்திய சுகாதார அமைச்சகத்தில் இருக்கிறார்கள். மாநிலத் தலைமைச் செயலகங்களிலும் இருக்கிறார்கள்.